டோலானை விட்டுப் போன அரசர்

"ஒரு மனிதர் ஒரு தடவைதானே சாக முடியும், தாயே?" என்று கேட்டார் டெமோக்.

அவர் டோல்டெக் மக்களின் வரலாற்றை மான்தோலில் சித்திரமாக எழுதுகிறவர். தலை நரைத்த பிறகும் மலினல்லியின் சீடராகவே இருந்தார். மலினல்லிக்கும் அதே வயதுதான். பாழடைந்த டோலான் நகரத்தில் அந்த அம்மையார் மட்டும் குடியிருந்தார்.

"யாரைச் சொல்கிறாய்?"

"நம் அரசர் டோபில்ட்சினை. நகரத்தை விட்டுக் கிழக்கே போனார். அதுவரைக்கும் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். அப்புறம்? கடற்கரையில் தீ மூட்டி அதில் இறங்கிவிட்டார், அவர் இதயம்தான் விடிவெள்ளி என்கிறார்கள் பூசாரிகள். பாம்புகளால் பின்னிய தெப்பத்தில் ஏறிக் கடலில் போனார், திரும்பி வருவார் என்கிறார்கள் மீனவர்கள். இதில் எதை எழுதுவது?"

"நீ எதை நம்புகிறாய்?"

"எதையும் நம்பவில்லை. நடந்ததை மட்டும்தான் எழுதுவேன்."

"அவர் போன வழியிலேயே போய்ப் பார்த்துவிட்டு வா."

டெமோக் போனார். மழைக்காலம் முடிந்த பிறகுதான் திரும்பினார். பாதமெல்லாம் வெடித்திருந்தது. முகத்தில் மட்டும் அப்படியொரு சந்தோஷம்.

"உண்மை கிடைத்துவிட்டது, தாயே! அரசர் கடலையே பார்க்கவில்லை. மலையடிவாரத்து ஊர் ஒன்றில் காய்ச்சல் கண்டு படுத்தவர் எழவே இல்லை. புதைத்த இடத்தைக் காட்டினார்கள். வெறும் மண்மேடு. முள் மண்டிக் கிடக்கிறது."

"கூடப் போனவர்கள்?"

"அதே காய்ச்சல். ஒருவரும் மிஞ்சவில்லை."

"அவர்களில் குழல் ஊதுகிறவர் யாராவது இருந்தாரா?"

"இருந்தாராம். அரசர் கண்மூடும்வரை பக்கத்தில் உட்கார்ந்து ஊதினாராம். அப்புறம் அவரும் படுத்துவிட்டார்."

"இடக்கையில் ஒரு விரல் இருக்காது."

"ஆமாம், ஊர்க்காரர்களும் அதைத்தான் சொன்னார்கள். உங்களுக்கு எப்படி..."

"என் கணவர்."

டெமோக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தெரிந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன், தாயே."

"சொல்லத்தானே உன்னை அனுப்பினேன்."

மலினல்லி எழுந்துபோய் மக்காச்சோளக் கூழ் காய்ச்சி எடுத்துவந்தார். டெமோக் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். தான் குடிக்கவில்லை.

மறுநாள் விடியும் நேரம். டெமோக் கண்விழித்தபோது அம்மையாரின் பாய் சுருட்டிக் கிடந்தது.

இடிந்த கோயிலின் மேல்படியில் அவர் தனியாக நின்றிருந்தார். போர்வை காற்றில் படபடத்தது. கிழக்கே விடிவெள்ளி.

டெமோக் மூச்சு வாங்க ஏறிப்போனார்.

"அரசர் அங்கே இல்லை, தாயே. உங்கள் கணவரும் இல்லை."

"தெரியும்."

"பிறகு ஏன்?"

மலினல்லி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். வெளிச்சம் பரவி அந்த வெள்ளி கரைந்துபோகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

டெமோக் மான்தோலை விரித்தார். மலையடிவாரத்தை வரைந்தார். முள்ளை வரைந்தார். மண்மேட்டையும் வரைந்தார்.

தூரிகையைக் கழுவப் போனவர், நின்றார். மறுபடி உட்கார்ந்தார்.

மாலையில் மலினல்லி வந்து குனிந்து பார்த்தார். தோலின் மேல் ஓரத்தில் ஒரு கோயில் படிக்கட்டு. அதன்மேல் போர்வை போர்த்திய ஒரு பெண். அவள் பார்வை போகும் இடத்தில் ஒரு வெள்ளி.

"நடந்ததை மட்டும்தானே எழுதுவேன் என்றாய்?"

"நடந்தது, தாயே. நான் பார்த்தேன்."