ரோஜாக் காய்

புரட்டாசி பிறந்தும் மடத்து ரோஜாத் தோட்டத்தில் ஒரு மொட்டுகூட இல்லை. நாற்பது செடி. நாற்பதும் பச்சைப்பசேலென்று நின்றன. பூ மட்டும் இல்லை.

கார்த்திகை அமாவாசை பெரியவரின் குருபூசை. மலைமேல் மடத்தைக் கட்டியவர் அவர். செடிகளும் அவர் வைத்தவை. அன்று சமாதிக்கு அந்தச் செடிகளின் பூதான் போக வேண்டும். கடைப்பூ ஆகாது.

தோட்டம் வையாபுரியின் பொறுப்பு. அறுபத்திரண்டு வயது. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோப்பு வைத்திருந்தவர். மனைவி கனகவல்லி செத்த பிறகு தோப்பைத் தம்பியிடம் விட்டுவிட்டு மலையேறினார்.

அவள் நோயில் சாகவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு விடிகாலை பஸ்ஸுக்கு நின்றவள் மேல் பால்வண்டி ஏறிவிட்டது. ஓட்டியவன் மாசிலாமணி. கண் அசந்துவிட்டான். ஜெயிலுக்குப் போனான், வந்தான். வந்ததிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை மலைக்கு வருகிறான். உள்ளே வரமாட்டான். கம்பிக்கதவுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். வையாபுரி பின்கட்டுக்குப் போய்விடுவார். சாயங்கால பஸ் இறங்கிப் போன சத்தம் கேட்டால்தான் முன்பக்கம் வருவார்.

மடத்துத் தலைவி தவமணியம்மா ஒருமுறை கேட்டார். வையாபுரிக்குப் பத்து வயது இளையவர். ஆனாலும் குரு அவர்தான்.

"ஒரு வார்த்தை பேசி அனுப்புங்களேன்."

"என்னத்தம்மா பேச?"

"போடான்னாவது சொல்லுங்க."

"அதுக்கும் வாய் வரல."

அம்மா அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பூ வராத சங்கதிக்கு வருவோம். வையாபுரி குறை வைக்கவில்லை. சாணம் போட்டார், புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினார், விடியுமுன் புழு பொறுக்கினார். செடியெல்லாம் காய். உதிர்ந்த பூவின் அடியில் ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவுக்குத் திரண்டு, சிவந்து கிடந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட. காய் பிடித்தால் தோப்பு நன்றாயிருக்கிறது என்றே பழகிய மனுஷன்.

சமையல்கட்டுப் பொன்னுத்தாய் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, குருபூசைக்கு இதை ஊறுகாய் போட்டுரலாமா? எலுமிச்சைக்காரர் கைப்பக்குவம்னு சொல்லிக்கலாம்."

"வாயை மூடிட்டுப் போ தாயி."

அவர் அம்மாவிடம் போனார்.

"ஏம்மா பூக்கல?"

அம்மா எழுந்து தோட்டத்துக்கு வந்தார். ஒரு காயைக் கிள்ளி நகத்தால் பிளந்தார். உள்ளே விதை. அதை வையாபுரியின் உள்ளங்கையில் கொட்டினார்.

"செடிக்கு வேலை முடிஞ்சுபோச்சு. இனி எதுக்குப் பூக்கணும்?"

"அப்ப என்ன செய்ய?"

"வாடின பூவை அன்னன்னைக்கே வெட்டியிருக்கணும். நீங்க வெட்டல. இப்ப காயோட வெட்டுங்க. கார்த்திகைக்கு வந்துரும்."

"குருபூசைக்குத் தவிர பூவைத் தொடக்கூடாதுன்னு பெரியவர் சொல்லியிருக்காரே?"

"பூவைத்தான் சொன்னாரு. இது பூவா?"

வையாபுரி கத்தரியை எடுத்துக்கொண்டு போனார். முதல் செடியில் ஒரு காயைப் பிடித்தார். விட்டார். திரும்பி வந்தார். மறுநாளும் அப்படி. மூன்றாம் நாளும் அப்படி.

"மனசு வரலம்மா. பிடிச்ச காயை வெட்டி எனக்குப் பழக்கமில்ல."

"நாள் போகுது."

"தெரியுது. பூ வரலேன்னா நான் தோப்புக்கே திரும்பிடறேன். இங்க இருக்க லாயக்கில்ல."



மகாளய அமாவாசை வந்தது. கனகவல்லிக்கு எள்ளும் தண்ணீரும் விட வையாபுரி விடிகாலை பஸ்ஸில் ஆற்றுக்கு இறங்கினார். அந்த பஸ் மேலே திரும்பும்போது மாசிலாமணி அதில்தான் ஏறி வருவான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டாமென்று வேணுமென்றே நேரம் கடத்திவிட்டு இருட்டும் வேளைக்கு வந்து சேர்ந்தார்.

தோட்டத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

நாற்பது செடியிலும் ஒரு காய் இல்லை. ஒவ்வொரு கிளையும் கணுவுக்குமேல் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. காயெல்லாம் ஒரு கூடையில். சில இலைகளில் ரத்தம் காய்ந்திருந்தது. முள் கிழித்திருக்க வேண்டும்.

"எவன் வெட்டினான்?" என்று கத்தினார். மடமே கேட்டது. "கையை ஒடிச்சுருவேன். யாருன்னு சொல்லுங்க."

"நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றார் அம்மா.

"யாரைம்மா?"

"பூக்கட்டும். பேரைச் சொல்றேன்."

"பூக்கலேன்னா?"

"அப்ப பேர் எதுக்கு?"

பத்து நாள் வையாபுரி யாரோடும் பேசவில்லை. பதினோராம் நாள் ஒரு கணுவில் செந்தளிர். அன்று பொன்னுத்தாயிடம் தானாகவே காப்பி கேட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தளிர் நுனிகளில் மொட்டு கட்டியது. மொட்டில் தண்ணீர் இறங்கினால் விரியாமலே அழுகிவிடும். வையாபுரி மடத்துக் குடைகளை வாங்கிக் கம்பு நட்டுச் செடிகளுக்குமேல் கட்டினார். போதவில்லை. பஸ் டிரைவர், டீக்கடைக்காரர் ஒருவரையும் விடவில்லை. தோட்டத்தில் நாற்பது குடை நின்றது. மழை வலுத்தபோது அவர் நனைந்தார். செடி நனையவில்லை.

இடையில் வந்த அமாவாசைக்கும் மாசிலாமணி வந்தான். இவர் வழக்கம்போல் பின்கட்டுக்குப் போனார்.

கார்த்திகை அமாவாசையன்று தோட்டம் சிவந்து கிடந்தது. எண்ணி மாளவில்லை. ஊரிலிருந்து வந்தவர்கள் மழையிலேயே நின்று பார்த்தார்கள்.

மடத்தில் ஒரு வழக்கம். யார் கைபட்டுத் தோட்டம் பூத்ததோ அவர்தான் முதல் பூவைச் சமாதியில் வைக்க வேண்டும். அதன்பிறகே மற்றவர்கள். அம்மா ஒரு பூவை வெட்டி வையாபுரியிடம் நீட்டினார்.

வையாபுரி வாங்கினார். சமாதியை நோக்கி இரண்டடி வைத்தார். நின்றுவிட்டார்.

"இது என் கை இல்லம்மா."

"குடை கட்டினது?"

"மொட்டு வந்ததாலே குடை கட்டினேன். மொட்டைக் கொண்டுவந்தது வெட்டின கை. வெட்டினவர் இருக்க நான் வைச்சா பெரியவருக்கே பொறுக்காது."

மழை குடைகள்மேல் தடதடவென்று விழுந்தது.

"எனக்குத் தெரியும். நம்ம பொன்னுத்தாய்தானே?" என்றார் வையாபுரி. "அன்னைக்குக் கத்தினதுக்கு மன்னிப்பும் கேட்டுக்கறேன்."

"ஐயையோ, நான் இல்லண்ணே" என்றாள் பொன்னுத்தாய். அவள் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"பின்ன யாரு? பூத்தா பேர் சொல்றேன்னீங்களேம்மா."

"சொன்னா என்ன செய்வீங்க?"

"இதென்ன கேள்வி? கையைப் பிடிச்சுக் கூட்டியாந்து பூவைக் கொடுப்பேன்."

"வாக்கு?"

"வாக்குதான். எங்க இருக்காரு?"

"வாசல்ல."

வையாபுரி திரும்பினார். கம்பிக்கதவுக்கு வெளியே ஒருவன் குடையில்லாமல் நனைந்துகொண்டிருந்தான். பின்கட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்தார். அங்கே போகவில்லை.

"பேரைச் சொல்லுங்கம்மா" என்றார்.

"மாசிலாமணி."