பவளக்கொடியின் பார்ட்னர்

கோவைக்கு வெளியே இருந்த அந்த மேலாண்மைக் கல்லூரியில் கேண்டீன் நடத்தியவள் பவளக்கொடி. ஒருநாள், பிள்ளைகளைச் சேர்க்க வந்த பெற்றோர் முன்னால் இயக்குநர் நரசிம்மலு அவளை மடக்கினார்.

"இங்கே படிச்சவங்க எல்லாருமே தொழிலதிபர்கள். கேண்டீனையும் இனி அப்படி ஒருத்தர்தான் நடத்தணும். எங்க கோல்டு மெடலிஸ்ட் ஒருத்தரை பார்ட்னரா கூட்டிட்டு வா. இல்லேன்னா காலி பண்ணு."

"வெளியே எதுக்குங்க சார் தேடோணும்?" என்றவள், சமையற்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "திருமாறன் தம்பி, கொஞ்சம் வாங்க!"

மாவுக் கையோடு ஒருவன் வந்தான். சுவரில் 'எங்கள் கோல்டு மெடலிஸ்ட், வெற்றித் தொழிலதிபர்' என்று மாட்டியிருந்த படத்தில் சிரித்தவனும் அவனேதான். சொந்தக் கடை நொடித்துப்போய், யார் கண்ணிலும் படாத வேலை கேட்டு அவளிடம் வந்து சேர்ந்தவன்.

பெற்றோர் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இயக்குநர் தலைகுனிந்தார். திருமாறனும்தான்.

கேண்டீன் பவளக்கொடிக்கே நிலைத்தது. ஆனால் அன்று மதியம் திருமாறன் சாப்பிட உட்காரவில்லை.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னீங்களே அக்கா."

அத்தனை பேர் முன்னால் பட்டென்று பதில் சொன்னவள் இப்போது அவன் முகத்தைப் பார்க்கவே கூசி நின்றாள்.