வராத அடி

பொதிகை அடிவாரத்தில் இருந்த மாசானம் ஆசானின் சிலம்பக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆசானின் முதுகுக்குப் பின்னால் கம்பு ஓங்கியவர், எல்லார் முன்னாலும் தப்பை ஒப்புக்கொண்டு அவர் காலில் விழ வேண்டும். இல்லாவிட்டால் கம்பைக் கீழே வைத்துவிட்டு வெளியேற வேண்டும்.

மூன்று மாதம் முன்பு சேர்ந்த பேச்சி கம்பைக் கீழே வைத்தாள்.

"முந்தாநாள் நான் ஓங்கல ஆசானே. கொண்டை அவுந்துச்சு, ரெண்டு கையையும் தூக்கி முடிஞ்சேன். கம்பு கீழ கிடந்துச்சு. செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லி விழ மாட்டேன். போகச் சொன்னா போறேன்."

போகத்தான் வேண்டும் என்று நின்றவர் மூத்த சீடர் இருளப்பன். ஆசானைவிடப் பத்து வயது பெரியவர். இருபது வருஷம் காட்டுக் காவலராக இருந்தவர். புதருக்குள் படுத்திருக்கும் மிளா மானை எதிர்மலையிலிருந்தே கண்டுபிடித்த கண் அது. அதில் அவருக்குக் கர்வம் கொஞ்சம் அதிகம்தான்.

"என் ரெண்டு கண்ணால பாத்தேன். கம்பு உங்க தலைக்கு மேல நின்னுச்சு. நான் சொல்லுதது பொய்யா?"

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்க அண்ணாச்சி" என்றார் ஆசான். "கம்பை எடுங்க. நான் அடிக்கேன், தடுங்க."

ஆசான் காலால் தரையைத் தட்டித் தாளம் போட்டார். தட்டுக்கு ஒரு அடி. இடத் தோள், வலத் தோள், முழங்கால், உச்சந்தலை. மறுபடியும் அதே நாலு. பத்துச் சுற்று போனது. ஒரு அடிகூட இருளப்பன் மேல் படவில்லை.

பதினோராவது சுற்றின் நாலாம் தட்டில் இருளப்பன் தலைக்கு மேல் கம்பை உயர்த்தித் தடுத்தார்.

"கடைசி அடி எங்க வந்துச்சு?"

"உச்சந்தலைக்கு. வாரதைப் பாத்துத்தான தடுத்தேன்!"

பேச்சி வாய்விட்டுச் சிரித்தாள். இருளப்பன் குனிந்து பார்த்தார். ஆசானின் கம்பு மூன்றாம் அடியிலேயே நின்றுவிட்டிருந்தது. அதன் நுனி இன்னும் அவர் முழங்கால் பக்கத்தில்தான் இருந்தது.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இது வேற! தாளம் போட்டு ஏமாத்திட்டீங்க. முந்தாநாள் தாளமும் இல்ல, மேளமும் இல்ல. சும்மா நின்னு பாத்தேன்."

"சும்மாவா நின்னீங்க?"

"பின்ன? இவ திமிர் எனக்குத் தெரியும். ஒரு நாள் உங்க மேலயே ஓங்குவான்னு வந்த அன்னைக்கே நினைச்சேன். எப்ப ஓங்குவா, எப்ப ஓங்குவான்னு மூணு மாசமா பாத்துக்கிட்டே இருந்தேன்!"

ஆசான் குனிந்து பேச்சியின் கம்பை எடுத்தார். அதை அவள் கையிலேயே கொடுத்தார்.

"மூணு மாசமா உங்க தலைக்குள்ள அந்தத் தாளம் நிக்கவே இல்ல அண்ணாச்சி. அவ கையை மட்டுந்தான் தூக்குனா. மிச்ச அடியை நீங்க அடிச்சீங்க."