பின்னால் ஒரு ஆள்

இதை எனக்கு முதலில் சொன்னது புஷ்பம். போன லெந்து உபவாசக் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பெண்கள் ஜெபம் முடிந்து நாங்கள் இரண்டு பேரும் பாய் சுருட்டிக்கொண்டிருந்தோம். அவளுடைய வீட்டுக்காரர் ஜெயசிங்கைப் பற்றின சங்கதி. அவள் சொன்ன மாதிரியே சொல்லப் பார்க்கிறேன்.

"டீச்சர், நான் வேலையை விட்டு நின்னுக்கிடுதேன்" என்றார் ஜெயசிங்.

நஸீமா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உக்காருங்க அண்ணாச்சி."

"உக்காந்தா மறுபடியும் முதுகு பிடிச்சுக்கிடும். நின்னுக்கிட்டே சொல்லிருதேன்."

ஜெயசிங்குக்கு நாற்பத்து நான்கு வயது. பி.எஸ்ஸி. கணக்குப் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் ஸ்டீயரிங் பிடித்தவர். திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் தனியார் பஸ் ஓட்டினார். முதுகெலும்பில் டிஸ்க் விலகி, இனி பஸ் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மேலப்பாளையத்தில் தன் அப்பாவுடைய அரிசிக் கடை மாடியில் நஸீமா சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸ் நடத்துகிறாள். படித்துக்கொண்டே வேலை பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு அங்கே போய்ச் சேர்ந்தார். நஸீமா அவரைவிட எவ்வளவோ சின்னவள். ஆனாலும் முதல் நாள் 'டீச்சர்' என்று கூப்பிட்டவர், அதை மாற்றவே இல்லை.

அவர் எழுதினபடி கம்ப்யூட்டர் முதல்முதலாக இரண்டு எண்ணைக் கூட்டிச் சொன்ன அன்றைக்கு, புஷ்பத்தை ஆபீஸுக்கே கூட்டிவந்து காட்டினார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னாள்.

அப்படிப்பட்டவர்தான் இப்போது நிற்கிறேன் என்கிறார்.

"என்ன ஆச்சு?"

"பல் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போடுற புரோகிராம் குடுத்தீங்கல்லா? ரெண்டு வாரமா உருகி உருகி எழுதினேன். அந்த ரினிப் பிள்ளை ஒரு டீ ஆறுறதுக்குள்ள சிவப்பு சிவப்பா குறிச்சு வச்சிட்டா."

அந்த ஆபீஸில் அப்படி ஒரு வழக்கம். யார் எழுதினாலும் இன்னொருவர் ஒரு வரி விடாமல் படித்துப் பார்க்கணும். தப்பு தெரிகிற இடத்தில் சிவப்பில் குறித்து வைக்கணும். அதற்கப்புறம்தான் வெளியே போகும். ஜெயசிங் தானாகவே முழுசாக எழுதினது இதுதான் முதல். படித்துப் பார்த்தது ரினி, போன வருஷம் காலேஜ் முடித்த பிள்ளை.

"நிறைய குறிச்சிருக்காளோ?"

"எண்ணிப் பாத்தேன் டீச்சர். சொல்ல வெக்கமா இருக்கு."

"தப்பாக் குறிச்சிருக்காளா?"

"அப்படி இருந்தா சண்டைல்லா போட்டிருப்பேன். எல்லாம் சரியாத்தான் குறிச்சிருக்கா. 'அங்கிள், ஒரே ஆளுக்கு ரெண்டு டோக்கன் போகுது, ரெண்டு பல்லைப் பிடுங்கிருவாங்க'ன்னு சிரிக்கா."

நஸீமாவுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சிரிக்காதீங்க. இருவது வருஷம் பஸ் ஓட்டினேன். வண்டியில ஒரு கீறல் கிடையாது. அங்க நான் ராஜா. இங்க வந்து தொட்டதெல்லாம் தப்பு. நம்ம தலைக்கு இது ஏறாது."

"சரி, நின்னுட்டு என்ன செய்யப்போறீங்க?"

"பழைய முதலாளி கூப்பிடுதாரு. டைம் கீப்பர் வேலை. ஸ்டாண்டுல உக்காந்து, வண்டி எப்ப வருது எப்ப போகுதுன்னு பாத்துக்கிடணும். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். இல்லேன்னா வேற ஆளைப் போட்டுருவாரு."

"இங்கயும் உக்காந்து பாக்குற வேலைதான அண்ணாச்சி."

"அங்க எவனும் என்னைத் திருத்த மாட்டான்."

"புஷ்பக்கா என்ன சொல்லுதாங்க?"

"அவ என்ன சொல்லுவா? ஜெபம் பண்ணுதா."

"என்னன்னு?"

ஜெயசிங் கொஞ்சம் தயங்கினார். "நான் இங்கயே நிலைக்கணும்னு. எனக்குக் கேக்காதுன்னு நினைச்சிட்டு இருக்கா."

நஸீமா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். எழுந்து ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள்.

"போறதுக்கு முன்னால ஒரு உதவி செய்யணும் அண்ணாச்சி."

"சொல்லுங்க."

"வாப்பா கடைக்கு அரிசி வந்திருக்கு. டிரைவர் வண்டியைத் தெருவோரம் விட்டுட்டுத் தொழப் போயிட்டாரு. ரிவர்ஸ்ல சந்துக்குள்ள விடணும். சின்ன வண்டிதான். முதுகு தாங்குமா?"

"அது தாங்கும்!"

சாவியை வாங்கிக்கொண்டு அவர் படியிறங்கின வேகத்தைப் பார்த்தால், முதுகுவலிக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சந்து ரொம்ப ஒடுக்கம். ஒரு பக்கம் கரண்ட் கம்பம். மறு பக்கம் சாக்கடை, அதில் ஒரு மூடி உடைந்து கிடந்தது.

ஜெயசிங் ஏறி உட்கார்ந்தார். துண்டை மடித்து முதுகுக்கு வைத்துக்கொண்டார். ஒரு கண்ணாடியில் மூட்டை தெரிந்தது. இன்னொன்றில் சுவர்.

இன்ஜினைப் போட்டார். நஸீமா வண்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வண்டி நகரவில்லை.

"என்ன அண்ணாச்சி, எடுங்க."

"பின்னால யாரும் நிக்கலையா?"

"எதுக்கு?"

"எதுக்கா!" ஜெயசிங் தலையை வெளியே நீட்டினார். "பின்னால ஆள் இல்லாம எவனாவது ரிவர்ஸ் எடுப்பானா?"

"இருவது வருஷம் ஓட்டினவருக்குமா?"

"நூறு வருஷம் ஓட்டினாலும் முதுகுல கண்ணு முளைக்குமா? நல்லாக் கேட்டீங்க! பின்னால போய் நில்லுங்க டீச்சர்."

நஸீமா பின்னால் போனாள். "வாங்க, வாங்க" என்று மெல்லக் கூப்பிட்டாள்.

முன்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"கல்யாணத்துக்கா கூப்பிடுதீங்க? 'வரலாம், வரலாம்'னு விடாம சொல்லணும். சத்தம் நின்னா நானும் நின்னுருவேன். இடிக்கப் போகுதுன்னா 'ஹோல்டேன்'னு கத்தி, பாடியில ஒரு தட்டு தட்டணும். எங்க கண்டக்டர் ஆவுடையப்பன் தட்டினான்னா, உள்ள தூங்குறவன் எந்திரிச்சு ரெண்டாவது டிக்கெட் எடுப்பான்."

"பலமா தட்டணுமா?"

"கூச்சப்படாம தட்டுங்க. நீங்க கூச்சப்பட்டா வண்டி சாக்கடையில."

நஸீமா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வரலாம், வரலாம், வரலாம்..."

படார். "ஹோல்டேன்!"

கம்பம். ஜெயசிங் கொஞ்சம் முன்னால் எடுத்து, ஸ்டீயரிங்கை ஒடித்து, மறுபடியும் வந்தார்.

"வரலாம், வரலாம்..."

படார்.

உடைந்த மூடி. மறுபடியும் ஒடித்தார்.

படார். யாரோ சாத்தி வைத்த சைக்கிள்.

படார். ஒரு பூனை. அது நிதானமாக எழுந்து, இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் போகிறவரைக்கும் வண்டி நின்றது.

இருந்த தூரம் கொஞ்சம்தான். நின்று நின்று, கடைசியில் வண்டி கடையின் பின்வாசலை ஒட்டி வந்து சேர்ந்தது.

ஜெயசிங் இறங்கினார். பஸ்ஸில் செய்கிற மாதிரியே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பக்கத் தகரத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

"ஒரு கீறல் இல்ல" என்றார். முகமெல்லாம் பிரகாசம். "நல்லா நின்னீங்க டீச்சர். புது ஆள்னே சொல்ல முடியாது."

"எத்தனை தட்டு தட்டினேன் அண்ணாச்சி?"

"அதை எவன் எண்ணுவான்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

நஸீமா உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே படியேறிப் போய்விட்டாள். தட்டித் தட்டிக் கை சிவந்திருந்தது.

ஜெயசிங் அங்கேயே நின்றார். டிரைவர் தொழுதுவிட்டு வந்து சாவி கேட்டார். இரண்டாவது தடவை கேட்ட பிறகுதான் இவருக்குக் காதில் விழுந்தது.

மாடியில் ரினி முகம் வாடி உட்கார்ந்திருந்தாள்.

"நிக்கப்போறீங்களாமே அங்கிள். நான் குறிச்சதுனாலயா? வேணும்னா எல்லாத்தையும் எடுத்துருதேன்."

"எடுத்துராத!"

அவர் போட்ட சத்தத்தில் பிள்ளை பயந்தே போனாள். ஜெயசிங் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டோக்கன் புரோகிராமைத் திறந்தார். மேலே, முதல் சிவப்பு.

"இப்படிப் பின்னால வந்து நில்லும்மா" என்றார். "கூச்சப்படாம தட்டு."

எதைத் தட்ட என்று ரினிக்கு விளங்கவில்லை. ஆனாலும் வந்து நின்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பழைய முதலாளிக்கு போன் போட்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதற்கப்புறம் ஆவுடையப்பனுக்குப் போட்டார்.

"என்னலே ஜெயசிங், என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லடே. சும்மாதான்."

"சும்மா எவனாவது போன் போடுவானா?"

"நீ வண்டியில தட்டுறது ஞாபகம் வந்துதுடே" என்றாராம் ஜெயசிங். 

ஆவுடையப்பனுக்கு இப்போது கண்ணில் புரை. வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, இன்றைக்கு விளக்கு அணைக்கிறதற்கு முன்னால் அவர் பெயரையும் ஒரு தரம் சொல்லிவிடுங்கள்.