டோனட்டுக்கு ஒதுக்கிய இடம்

ஆசானின் சீடர்களில் வயதில் மூத்தவர் பொன்னுரங்கம். ஆசானைவிடவே பத்து வயது பெரியவர். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருபத்திரண்டு வருடமாக இட்லிக் கடை நடத்துகிறார். ஒருநாள் காலை ஓர் அட்டைப் பெட்டியோடு மடத்துக்கு வந்தார். பெட்டிக்குள் ஆறு டோனட்.

“இட்லிக் கடையை மூடிட்டு டோனட் கடை போடப்போறேன் சாமி. நாளைக்கு மிஷினுக்குச் சொல்லணும். உங்க ஆசீர்வாதம் வேணும்.”

ஆசான் ஒன்றை எடுத்து முகர்ந்தார். மேலே பூசியிருந்த ஊதாப் பாகை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வாயில் மட்டும் போடவில்லை.

“எதுல வந்த நிறம் இது?”

“தெரியல சாமி. ஆனா அதுதான் ஓடுது.”

“உங்க வீட்ல சாப்பிட்டாங்களா?”

“அவளுக்குத் திகட்டுதாம்.”

“நீங்க?”

பொன்னுரங்கம் பேச்சை மாற்றினார். “நம்ம ரோட்டுல மட்டும் நாலு கடை வந்துடுச்சு சாமி. தெருமுனை வரைக்கும் வரிசை. நான் இட்லித் தட்டைக் கழுவிக்கிட்டு உக்காந்திருந்தா என்னை யார் மதிப்பா?”

வரிசை என்றாலே ஆசானுக்குச் சந்தேகம். கோயிலிலேயே முன்னால் நின்றவரிடம் “எதுக்கு நிக்கிறீங்க?” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். பெட்டியை மூடி எழுந்தார்.

“வாங்க, ஹபீப் பாய் குடோனுக்குப் போயிட்டு வரலாம்.”

ஹபீப் பாய், மூடிய கடைகளின் சாமான்களை வாங்கி விற்பவர். வாசல் பலகையில் இருந்த போன் நம்பரைப் பார்த்ததும் பொன்னுரங்கத்தின் நடை தயங்கியது.

உள்ளே ஒவ்வொரு சாமானுக்கும் தரையில் கட்டம் போட்டு, சாக்பீஸால் பெயர் எழுதியிருந்தது. தந்தூரி டீ அடுப்புகள் ஒரு கட்டத்தில் குவிந்து கிடந்தன. பக்கத்தில் ரோல் ஐஸ்கிரீம் மிஷின்கள். இரண்டில் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அதற்கடுத்த கட்டத்தில் ‘டோனட்’ என்று எழுதியிருந்தது. அங்கே ஒன்றும் இல்லை. சுத்தமாகப் பெருக்கி வைத்திருந்தார்கள்.

“இது ஏன் காலியா இருக்கு?” என்றார் பொன்னுரங்கம்.

“இனிமேதாண்ணே வரும். ஆடி பொறந்தா ஒண்ணு ரெண்டா வர ஆரம்பிக்கும்.”

“எல்லாரும் மூடிடுவாங்கன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்?”

“நான் எங்கண்ணே சொன்னேன்? இடம்தான் போட்டு வெச்சிருக்கேன்.”

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு பேரும் முன்பே பேசி வைத்துக்கொண்டார்களோ என்று ஆசானையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆசான் வேறொன்று கேட்டார். “இட்லிக் கொப்பரைக்கு எங்க பாய் இடம்?”

“அதுக்கு இடமே போடறதில்ல சாமி. வாங்கறவங்க வண்டியை விட்டு இறக்கவே விடமாட்டாங்க. நாளைக்கு ஒண்ணு வருது. இருபத்திரண்டு வருஷம் ஓடினதாம். முந்தாநாள் ஒருத்தர் போன்ல சொன்னாரு. இப்பவே மூணு பேர் எனக்குத்தான்னு சொல்லி வெச்சிருக்காங்க.”

அந்தப் போனைச் செய்தவர் பொன்னுரங்கம்தான்.

இருவரும் திரும்பினார்கள். மடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது பொன்னுரங்கம் மெல்லக் கேட்டார்.

“ஆசீர்வாதம் உண்டா இல்லையா சாமி?”

“எந்தக் கடைக்கு?” என்றார் ஆசான்.