வெள்ளச் சேதி சொன்ன நால்வர்

மூங்கிலோடைக் காட்டில் செம்பி என்று ஒரு மலையணில் இருந்தது. திட்டம் போடுவதில் அதை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. தரையில் கால் படாமல் காட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக, எந்தக் கிளையிலிருந்து எந்தக் கிளைக்குத் தாவ வேண்டும் என்று எல்லா அணில்களுக்கும் வழி வகுத்துக் கொடுத்தது செம்பிதான்.

அந்தக் காட்டுக்கு ஓர் ஆபத்து இருந்தது. மலை உச்சியில் மழை கொட்டும். கீழே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும். திடீரென்று ஓடையில் செம்மண் நிறத்தில் வெள்ளம் பாய்ந்து வரும்! போன வருடம் வந்த வெள்ளம், ஓடைக்கரையில் வளை தோண்டி வாழ்ந்த வெள்ளெலிகளில் பாதியை வாரிக்கொண்டு போய்விட்டது.

இந்த வருடமும் மழைக்காலம் நெருங்கியது. விலங்குகள் எல்லாம் கூடிப் பேசின.

"வெள்ளம் வருவதை முன்கூட்டியே வளைகளுக்குச் சொல்ல ஏதாவது ஏற்பாடு வேண்டும். மழைக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறது. செம்பி, உன்னால் முடியுமா?" என்று கேட்டன.

"முடியுமாவா? இப்போதே பாருங்கள்!" என்று துள்ளியது செம்பி.

அதற்குத் தூக்கமே வரவில்லை. தலைக்குள் திட்டம் குமிழியிட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் காலைக்குள் எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டது. உச்சிப் பாறையில் ஒருவர் காவல் இருக்க வேண்டும். வெள்ளத்தைப் பார்த்ததும் அவர் கூவ வேண்டும். ஓடையின் நடுவழியில் இன்னொருவர் அதைக் கேட்டுக் கீழே கொண்டு வர வேண்டும். வளைகளுக்குப் பக்கத்தில் மூன்றாமவர் நின்று எலிகளை எழுப்ப வேண்டும். எவ்வளவு அழகான திட்டம்!

செம்பி முதலில் கருங்குரங்கு ஊக்கனிடம் ஓடியது. ஊக்கனின் குரல் இரண்டு மலைக்குக் கேட்கும்.

"ஊக்கா, உன் வேலை கூவுவது. வெள்ளத்தைக் கண்டதும் மூன்று முறை கூவு!"

அடுத்து, ஓடை நடுவில் கல்திட்டில் வாழும் ஆள்காட்டிக் குருவியிடம் போனது. அதன் பெயர் நெடுங்காலி.

"உன் வேலை பறப்பது. ஊக்கன் குரல் கொடுத்ததும், வெள்ளம் வருகிறது என்று நீளமாகக் கத்திக்கொண்டே கீழே பற!"

"அவன் எப்படிக் கூவுவான்? ஒரு தடவை அவனோடு சேர்ந்து பழகிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டது நெடுங்காலி.

"அதெல்லாம் என் கவலை! உன் பங்கை நீ ஒழுங்காகச் செய், போதும்!"

கடைசியாக முள்ளம்பன்றி சிலும்பனிடம் போனது. முள்ளைச் சிலிர்த்துக் கலகலவென்று ஓசை எழுப்புவதில் சிலும்பன் கெட்டிக்காரன்.

சிலும்பன் மூக்கைச் சொறிந்துகொண்டு யோசித்தது. "செம்பி, வளைக்குள் இருக்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்டால் என்ன?"

"அவர்களுக்கு என்ன தெரியும், பாவம்! எல்லாம் முடிந்த பிறகு கூப்பிட்டுக் காட்டுவோம். அசந்து போவார்கள்!"

மூவரும் தனித்தனியாகப் பழகினார்கள். ஊக்கன் மலைக்கு அப்பால் வெகுதூரம் போய்த் தொண்டை கட்டும்வரை கூவிப் பார்த்தது. நெடுங்காலி, இறக்கை வலிக்க வலிக்கப் பறந்து பார்த்தது. சிலும்பன் முள்ளை ஆட்டி ஆட்டி, ஏழு முள் உதிர்ந்தே போயிற்று. செம்பி ஒவ்வொருவரிடமும் போய்ப் பார்த்தது. ஒவ்வொருவர் வேலையும் கனகச்சிதம்! பத்தாவது நாள் அது காடு முழுக்கத் தாவித் தாவிச் சொன்னது: "தயார்! தயார்! இன்றைக்கு எல்லோரும் வந்து பாருங்கள்!"

காடே திரண்டு வந்தது. மான் கூட்டம் கரையில் நின்றது. செம்பி ஒரு கிளையில் ஏறி வாலை வீசிச் சைகை காட்டியது.

உச்சியிலிருந்து ஊக்கன் கூவியது. ஹூ! ஹூ! ஹூ!

உச்சிப் பாறைக் குரங்குகளுக்கு மூன்று கூவல் என்றால், 'கவனி!' என்று பொருள். ஓடைக்கரையில் அதற்குப் பொருளே வேறு. அங்கே மூன்று கூவல் என்றால், 'சிறுத்தை!'

நெடுங்காலி நடுங்கிப்போயிற்று. நீளமாகக் கத்த வேண்டும் என்பதே மறந்துவிட்டது. "சிறுத்தை! சிறுத்தை! ஓடுங்கள்!" என்று அலறிக்கொண்டு பறந்தது.

மான்கள் மிரண்டு ஓடின. எங்கே? நேராக ஓடைக்குள்ளே! ஒரு குட்டிமான் பாசியில் வழுக்கி மடுவில் விழுந்தது. தாய்மான் பின்னாலேயே குதித்து, முகத்தால் முட்டி முட்டி அதைக் கரையேற்றியது. சிலும்பனோ, சிறுத்தை என்றதும் முள்ளை விரித்துக்கொண்டு ஒரு புதருக்குள் பின்பக்கமாக நுழைந்து மாட்டிக்கொண்டது.

எல்லாம் அடங்கி வெகுநேரம் கழித்து, ஒரு வளைக்குள்ளிருந்து வெள்ளெலி ஒன்று தலையை நீட்டியது. அதன் பெயர் பொட்டு. ஆறு குட்டிகளுக்குத் தாய்.

"செம்பியக்கா, எப்போது ஆரம்பிப்பீர்கள்? காலையிலிருந்து காத்துக்கொண்டே இருக்கிறோம்!"

"முடிந்தே போயிற்றே! உனக்கு எதுவும் கேட்கவில்லையா?"

"உள்ளே எதுவும் கேட்காதே அக்கா! மண்ணுக்கு அடியில் சத்தம் எங்கே வரும்?"

காடே சிரித்தது. தாய்மான் மட்டும் சிரிக்கவில்லை. "என் குட்டி போயிருக்கும்!" என்றது. ஊக்கனும் நெடுங்காலியும், "உன்னால்தான்!" "இல்லை, உன்னால்தான்!" என்று மூக்கோடு மூக்கு மோதச் சண்டை போட்டன.

செம்பிக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரே ஓட்டமாகத் தன் பலாமரத்தில் ஏறிக் கூட்டுக்குள் சுருண்டுகொண்டது. 'என் திட்டத்தில் பிழையே இல்லை. இதுகளுக்குத்தான் செய்யத் தெரியவில்லை' என்று முதலில் பொருமியது. கொஞ்ச நேரத்தில் அந்தக் குட்டிமானின் நினைப்பு வந்தது. தண்ணீருக்குள் உதைத்துக்கொண்ட அந்த நான்கு மெல்லிய கால்கள்! செம்பியால் பொரும முடியவில்லை.

அப்போது மரத்தடியில் பேச்சுக்குரல் கேட்டது. எட்டிப் பார்த்தது. பலாமரத்துக்குக் கீழேதான் வெள்ளெலிகளின் வளைகள். சிலும்பனும் பொட்டுவும் அங்கே ஏதோ செய்துகொண்டிருந்தார்கள்.

பொட்டு வளைக்குள் போயிற்று. சிலும்பன் முள்ளை ஆட்டியது. பொட்டு வெளியே வந்தது.

"கேட்டதா?"

"இல்லை!"

மறுபடியும் உள்ளே போயிற்று. சிலும்பன் உறுமிப் பார்த்தது.

"இப்போது?"

"ஊஹூம்!"

சிலும்பனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. பின்னங்காலால் தரையை ஓங்கி உதைத்தது. தொம்!

பொட்டு பாய்ந்து வெளியே வந்தது. "இதுதான்! இதுதான்! என் மீசை அதிர்ந்தது! ஆறு குட்டிகளும் விழித்துக்கொண்டன!"

செம்பி இரண்டே தாவலில் தரைக்கு வந்துவிட்டது. "இன்னொரு தரம் உதை! இன்னொரு தரம்!" என்று கத்தியது. பிறகுதான் தன் நிலைமை நினைவுக்கு வந்து தலையைக் குனிந்தது. "சிலும்பா, நீ அன்றைக்கே கேட்டாய். நான்தான் காதில் வாங்கவில்லை. பொட்டு, உன்னிடம் முதலில் வந்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது."

"அதை அப்புறம் பேசலாம் அக்கா, ஐந்து நாள்தான் இருக்கிறது!" என்றது பொட்டு.

செம்பி ஊக்கனையும் நெடுங்காலியையும் தேடிப்போய்க் கூட்டி வந்தது. இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்தன. "சண்டை என்னால் வந்தது. உங்கள் இருவரையும் பேசவிடாமல் செய்தவள் நான்தான்," என்றது செம்பி. கொஞ்சம் கொஞ்சமாக முகங்கள் திரும்பின.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஐவரும் பலாமரத்தடியில் கூடினார்கள். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப் போகிறோம், எங்கே இடிக்கிறது என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். நீட்டி முழக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் பேசி முடித்து வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

முதல் நாள் ஊக்கனும் நெடுங்காலியும் மட்டும் சேர்ந்து பழகினார்கள். புதிதாக ஒரு கூவல் வைத்துக்கொண்டார்கள். காட்டில் வேறு எதற்கும் யாரும் அப்படிக் கூவியதில்லை என்று நான்கு கூட்டங்களிடம் விசாரித்த பிறகே வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் நெடுங்காலி சோர்ந்து போய்த் திரும்பி வந்தது.

"முன்பு கேட்டது. இன்றைக்கு அருவியில் தண்ணீர் கூடிவிட்டது, அந்தச் சத்தத்தில் அவன் குரல் காதிலேயே விழவில்லை! இன்றைக்கே இப்படி என்றால், வெள்ளத்தன்று?"

"நல்ல வேளை!" என்று குதித்தது செம்பி. "இன்றைக்கே தெரிந்ததே, நல்ல வேளை! காதுக்கு எட்டவில்லை என்றால் கண்ணுக்கு எட்டுமா?"

"உச்சியில் ஒற்றை மூங்கில் புதர் இருக்கிறது. அதைப் பிடித்து உலுக்கட்டுமா?" என்றது ஊக்கன்.

உலுக்கிப் பார்த்தது. கல்திட்டிலிருந்து பளிச்சென்று தெரிந்தது! நெடுங்காலி சந்தோஷத்தில் இரண்டு கரணம் அடித்தது.

அடுத்த நாள் நெடுங்காலியும் சிலும்பனும் பழகினார்கள். அதற்கடுத்த நாள் சிலும்பனும் எலிகளும். எத்தனை உதை உதைத்தால் 'வெளியே வா' என்று பொருள்? பொட்டு சொன்னது: "ஒரு உதை என்றால் மாடு போகிறது என்று நினைத்துக்கொள்வோம். மூன்று உதை, கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் மூன்று. அப்படிச் செய்தால் தூங்குகிறவர்களும் எழுந்து ஓடி வருவோம்." அப்படியே முடிவாயிற்று. வெளியே வந்தவர்கள் எங்கே ஓடுவது? மேட்டுப் பாறைக்கு. அந்த வழியையும் பொட்டுதான் காட்டியது.

நான்காம் நாள் உச்சியிலிருந்து வளைவரை எல்லோரும் ஒன்றாகச் செய்து பார்த்தார்கள். எலிகள் எல்லாம் வெளியே வந்தன. ஒரே ஓர் எலி மட்டும் எதிர்ப்பக்கம் ஓடிற்று. "திரும்பவும் ஒரு தரம்!" என்றது செம்பி. திரும்பவும் செய்தார்கள். அந்த எலியும் சரியாக ஓடியது!

ஐந்தாம் நாள் பட்டப்பகலில் உச்சி கறுத்தது. கீழே நல்ல வெயில். மேலே மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. அருவியின் வெள்ளை நீர் பழுத்து, சிவந்து, குழம்பாகிப் பொங்கியது.

ஊக்கன் மூங்கில் புதரைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கியது!

நெடுங்காலி பார்த்துவிட்டது. "வெள்ளம்! வெள்ளம்!" என்று அம்புபோலப் பறந்து வந்தது. வளைகளுக்கு மேலே வந்து கீழே பார்த்தது. உதைக்க அங்கே சிலும்பனைக் காணோம்!

சிலும்பன் காலையில் கிழங்கு தோண்ட அக்கரைக்குப் போயிருந்தது. அதற்குள் ஓடையில் தண்ணீர் ஏறிவிட்டது. கடக்க வழியில்லை. "நான் இங்கே மாட்டிக்கொண்டேன்! யாராவது உதையுங்கள்! உதையுங்கள்!" என்று அக்கரையில் நின்று கதறியது.

செம்பி தரையில் குதித்து உதைத்தது. மலையணிலின் உதை எம்மாத்திரம்? ஒரு சருகுகூட அசையவில்லை. உள்ளே பொட்டு இருக்கிறது. ஆறு குட்டிகள் இருக்கின்றன. எல்லா வளைகளும் நிறைந்திருக்கின்றன!

அவர்களுக்கு வேண்டியது சிலும்பனின் கால் இல்லை. மண் அதிர வேண்டும், அவ்வளவுதான்!

செம்பி நிமிர்ந்து பார்த்தது. தலைக்கு மேலே பலாமரம். கிளை கிளையாகப் பழங்கள்! விறுவிறுவென்று ஏறிப் பெரிய பழத்தின் காம்பை வெறிபிடித்ததுபோலக் கடித்தது.

தொம்!

"இன்னும் இரண்டு! சீக்கிரம்! தண்ணீர் திருப்பத்துக்கு வந்துவிட்டது!" என்று மேலே வட்டமிட்டபடி கத்தியது நெடுங்காலி.

பழுத்து இற்றுப்போன காம்பு ஒன்று. தொம்! பக்கத்திலேயே இன்னொன்று. தொம்!

செம்பியின் வாயில் பால் ஒட்டிப் பிசுபிசுத்தது. பல் கூசியது. கொஞ்சம் நிறுத்தி, அடுத்த கிளைக்குத் தாவியது.

தொம்! தொம்! தொம்!

மண் பிளந்ததுபோல எலிகள் கிளம்பி வந்தன! ஒவ்வொரு வளையிலிருந்தும் வந்தன. பொட்டு ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வந்து போட்டுவிட்டு, மீண்டும் உள்ளே பாய்ந்தது. பக்கத்து வளை எலிகள் ஆளுக்கொரு குட்டியைக் கவ்வின. எல்லாம் மேட்டுப் பாறையை நோக்கிப் பறந்தன. ஒன்றுகூட எதிர்ப்பக்கம் ஓடவில்லை!

கடைசி வால் பாறையில் ஏறியபோது வெள்ளம் வந்து சேர்ந்தது. வளைகள் மூழ்கின. செம்மண் நீர் பலாமரத்தின் இடுப்பளவுக்குச் சுழன்றது.

பொட்டு மூச்சு வாங்கக் குட்டிகளை முகர்ந்து முகர்ந்து பார்த்தது. ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு! "ஆறும் இருக்கின்றன! அக்கா, ஆறும் இருக்கின்றன!" என்று பாறையிலிருந்து கூவியது. கிளையில் உட்கார்ந்திருந்த செம்பிக்குப் பதில் சொல்ல வாயைத் திறக்க முடியவில்லை. அவ்வளவு பலாப்பால்! அது வாலை மட்டும் வீசு வீசென்று வீசியது.

அக்கரையில் சிலும்பன் குதித்த குதியில் இன்னும் நான்கு முள் உதிர்ந்தன.

வெள்ளம் வடிந்த மறுவாரம், அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து ஒரு மரநாய் செம்பியைத் தேடி வந்தது.

"எங்கள் காட்டிலும் இதே தொல்லைதான். நீ பெரிய திட்டக்காரியாமே! எங்களுக்கும் ஒன்று போட்டுக் கொடு. குறித்துக்கொண்டு போகிறேன்!"

"போடலாமே!" என்று துள்ளி எழுந்தது செம்பி. "அதற்கு முன்னால் ஒன்று சொல். உங்கள் காட்டில் வளைக்குள் வசிப்பது யார்? வா, முதலில் அவர்களைப் போய்ப் பார்ப்போம்!"

சேர்ந்து செய்யும் வேலையில் அவரவர் பங்கை மட்டும் அழகாகச் செய்தால் போதாது. யாருக்காகச் செய்கிறோமோ அவர்களைக் கேட்டு, கூட வேலை செய்கிறவர்களோடு பேசிப் பழகிச் செய்தால்தான் அந்த வேலை வேண்டிய நேரத்தில் கைகொடுக்கும்.