ஐந்து சான்றுகள்

ஐந்து துறைகள் கூடி நடத்தும் சுற்றுச்சூழல் பட்டப் படிப்பு ஒன்று அந்தக் கல்லூரியில் இருந்தது. அதன் தலைவர் பேராசிரியர் வைகுண்டம். அவர் ஓய்வு பெற ஒரு மாதமே இருந்தது.

அடைமழையின் நான்காம் நாள், இரண்டாம் ஆண்டு மாணவி ஜெபசெல்வி நனைந்த கால்களோடு அவர் அறைக்கு வந்தாள். விடுதியின் கீழ்த்தளத்தில் கணுக்கால் அளவு நீர் நின்றது. கட்டிலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். கையில், வேதியியலுக்கு மாறுவதற்கான விண்ணப்பம். அன்றுதான் கடைசி நாள்.

எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் படித்து எதிலும் ஊன்ற முடியவில்லை என்றாள். விடுதித் தோழியர் தன்னைக் கதம்பச் சோறு என்று அழைப்பதையும் மறைக்கவில்லை.

"ஒன்றையே முழுதாகக் கற்றால் போதாதா, சார்?"

அவர் விண்ணப்பத்தை வாங்கிக் கையெழுத்திட்டார். பின்னர் அலமாரியிலிருந்து பழைய கோப்பு ஒன்றை எடுத்து அவள்முன் வைத்தார்.

"உன் விடுதி நிற்கும் இடம் முன்பு குளம். அதைத் தூர்க்கலாமா என்று கல்லூரி கேட்டது. படி."

துறைக்கு ஒன்றாக ஐந்து சான்றுகள் இருந்தன. நீர் குடிக்கத் தகாதது என்றது வேதியியல். அரிய செடி ஏதும் இல்லை என்றது தாவரவியல். வருவாய் தராத இடம் என்றது பொருளியல். ஆவணங்களில் தடையில்லை என்றது சட்டம். மண் மூன்று மாடியைத் தாங்கும் என்றது கட்டடப் பொறியியல்.

"இவற்றுள் பொய் எது?"

அவள் இருமுறை படித்தாள்.

"ஒன்றும் பொய்யில்லை, சார். ஆனால், மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்று ஒருவரும் எழுதவில்லையே?"

"ஒருவரிடமும் அதைக் கேட்கவில்லை."

கோப்பை மூடப் போனவளின் கண்ணில் இரண்டாம் தாளின் கையெழுத்து பட்டது. கடைசி எழுத்துக்கு நீண்ட வால். தன் விண்ணப்பத்தைப் பார்த்தாள். மை உலராத அந்தக் கையெழுத்திலும் அதே வால்.

"நீங்களாவது எழுதியிருக்கலாமே, சார்?"

சன்னலுக்கு வெளியே, விடுதிப் பெண்கள் வாளிகளால் நீரை இறைத்துக்கொண்டிருந்தனர். அவர்களைப் பார்த்தவாறே அவர் சொன்னார்:

"நான் தாவரவியல் கற்றவன், அம்மா. முழுதாகக் கற்றவன்."